எந்த விரல்?

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து என் சித்தி மகள் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "அக்கா, உங்க கைக்கு ஆப்பரேசன் செஞ்ச டாக்டர் பேரு அனுப்புங்க. எனக்கும் அதேதான். லீவு போட்டுட்டுப் பினாங்குக்கே வந்துடறேன்." ஒரு பெயரைத் தட்டி அனுப்ப அரை நிமிஷம் ஆகாது. ஆனாலும் இரண்டு நாள் பதில் போடாமல் வைத்திருந்தேன். டாக்டர் பெயரை மறைத்து எனக்கு என்ன லாபம்? "அதேதான்" என்ற அந்தச் சொல்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கும் ஒருத்தர் "உங்களுக்கும் அதேதான்" என்று சொல்லி, அதை நம்பி மாதக்கணக்கில் கழுத்துக்கு வைத்தியம் பார்த்தவள் நான். கோளாறு இருந்ததோ மணிக்கட்டில்.

2022 தீபாவளிக்கு எழுபது போத்தல் முறுக்குக்கு ஆர்டர் எடுத்திருந்தேன். பகலில் பிறையில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு வேலை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் முறுக்கு அச்சு. மரக்கைப்பிடியை உள்ளங்கையால் அழுத்திப் பிழிகிற பழைய அச்சு, அம்மா கொடுத்தது. தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் ஆரம்பித்தது. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். பக்கத்தில் யாருடைய கையோ கிடக்கிற மாதிரி இருக்கும், தொட்டுப் பார்த்தால் என் கைதான். எழுந்து உட்கார்ந்து, ஈரக் கையை உதறுவது போல் உதற வேண்டும். பத்து இருபது உதறலில் உயிர் வரும், வரும்போது ஆயிரம் எறும்பு ஊரும். அப்புறம் பகலிலும் வந்தது. பினாங்குப் பாலத்தில் காடி ஓட்டும்போது ஸ்டியரிங்கைப் பிடித்த கை பாதிப் பாலத்திலேயே மரத்துவிடும். ஒரு கையை மடியில் போட்டு உதறிக்கொண்டே அக்கரை சேர்வேன்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. கோடாலித் தைலம் தேய்த்தார்கள். பட்டர்வொர்த்தில் சின்சே என்கிற சீன நாட்டு வைத்தியர் ஒருவரிடம் போய் மூன்று தடவை உருவிக்கொண்டேன், கடைசித் தடவை வீங்கிவிட்டது. மாமியார் பார்த்த மாத்திரத்தில் "நரம்புதான்" என்றார். இன்றைக்கு யோசித்தால் எல்லோருக்கும் முன்னால் சரியாகச் சொன்னவர் அவர்தான். என்ன, நம் பேச்சில் நரம்பு என்றால் எது என்று யாருக்குத் தெரியும்? கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிகிற இரத்தக் குழாயும் நரம்பு. சுளுக்கெடுப்பவர் கட்டை விரலால் நெருடிப் பார்க்கிற தசைநாணும் நரம்பு. மூளையிலிருந்து சேதி கொண்டு போவதும் நரம்பு. மலாய்க்காரர்களும் ஊராட் என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதே பாடுதான் படுகிறார்கள். மாமியார் சொன்னது மூன்றாவது நரம்பாக இருந்திருக்கலாம், எனக்குக் காதில் விழுந்தது இரண்டாவது. அதனால்தான் சின்சேயிடம் போனேன்.

சாக்கிட் அப்பா?

கம்பெனி செலவில் பார்க்கிற பேனல் கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தலையைத் தூக்காமல் கேட்கும் முதல் கேள்வி "சாக்கிட் அப்பா?" இந்த நாட்டில் நாமெல்லாரும் ஆயிரம் தடவை பதில் சொன்ன கேள்வி. மலாயில் அதற்கு 'என்ன நோய்?' என்றும் பொருள், 'என்ன வலி?' என்றும் பொருள். கேள்வியிலேயே வலி இருக்கும்போது பதிலிலும் வலிதான் வரும். "சாக்கிட் தாங்ஙான்" என்றேன். கை வலி.

பொய் இல்லை, வலியும் இருந்தது. ராத்திரியில் மணிக்கட்டிலிருந்து கிளம்பி முழங்கை வழியாகத் தோள் வரைக்கும் ஒரு குடைச்சல் ஏறும். ஆனால் அது கூட வந்த விருந்தாளி. முதலாளி மரத்துப் போதல்தான். அதை ஏன் சொல்லவில்லை என்று என்னையே நிறையத் தடவை கேட்டிருக்கிறேன். மரத்துப் போகிறது என்று சொல்ல ஒரு கூச்சம். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தால்கூடத்தான் மரத்துப் போகும், அதற்கெல்லாம் யாராவது எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேட்டு வருவார்களா? வலி என்றால் மரியாதை. வலி என்றால் எழுதிக்கொள்வார்கள்.

எழுதிக்கொண்டார்கள். தோளிலிருந்து கை வரை வலி, கணினி வேலை, வயது 47. கடிதம் 'ஓர்த்தோ' என்று, எலும்பு மருத்துவப் பிரிவுக்குப் போனது. தீவில் ஒரு தனியார் மருத்துவமனை. இந்தோனேசியாவின் மேடானிலிருந்து சிகிச்சைக்கு வந்த குடும்பங்கள் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் அந்த முன்கூடத்தில், சுவர் நிறைய டாக்டர்களின் படங்கள். எல்லார் பெயருக்குக் கீழும் எலும்பு நிபுணர் என்றுதான் முதல் வரி. முட்டி பார்க்கிறவர், முதுகெலும்பு பார்க்கிறவர், விளையாட்டுக் காயம் பார்க்கிறவர், கை பார்க்கிறவர் என்ற பேதம் இரண்டாவது வரியில், பொடி எழுத்தில். நான் இரண்டாவது வரியைப் படிக்கவில்லை. கவுண்டரில் "எந்த டாக்டர் வேணும்?" என்று கேட்டார்கள். "யார் சீக்கிரம் கிடைப்பாங்க?" என்று கேட்டேன். முதுகெலும்பு பார்க்கிறவர் கிடைத்தார்.

அவரை நான் குறை சொல்லப் போவதில்லை, கொஞ்சம் மட்டும் சொல்வேன். கழுத்திலிருந்து வரும் நரம்பு அழுத்தப்பட்டாலும் கை குடையும், விரல் மரக்கும். அது உண்மையான நோய்தான். அவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், ஜி.எல். (செலவை ஏற்கும் உத்தரவாதக் கடிதம்) வந்தது, படத்தில் கழுத்து எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு ஒன்று லேசாகப் பிதுங்கியிருந்தது. "நேத்து வந்த அம்மாவுக்கும் இதேதான், உங்களுக்கும் அதேதான்" என்றார். 47 வயதுக் கழுத்தைப் படம் எடுத்தால் ஒன்றும் பிதுங்காமல் இருந்தால்தான் அதிசயம் என்று பின்னால் வேறொரு டாக்டர் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. கறுப்பு வெள்ளையில் ஒரு குற்றவாளி கிடைத்துவிட்ட நிம்மதி. கழுத்தை இழுக்கும் மெசினில் வாரம் இரண்டு தடவை படுத்தேன். மருத்துவ அட்டையின் வருஷக் கணக்கில் பாதி அதிலேயே கரைந்தது. எனக்குக் குறை ஒன்றுதான்: ஐந்து தடவை பார்த்தேன், ஒரு தடவையாவது என் கையைப் பிடித்துப் பார்த்திருக்கலாம். கை மேசைக்கு இந்தப் பக்கமே இருந்தது.

இதற்கிடையில் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாமல் போனது. சட்டியைப் பிடித்த பிடி பிடித்தபடியே இருக்கும், சட்டி கீழே கிடக்கும். அண்ணன் மகன் "நியூரோவைப் பாருங்க அத்தை" என்றான். சரி என்று வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், "நியூரோ சர்ஜனா, நியூரோ பிசிஷியனா?" என்று கேட்டாள் அந்தப் பெண். ஒருவர் வெட்டுகிறவர், ஒருவர் வெட்டாதவர் என்ற அளவுக்குக்கூட எனக்கு அப்போது தெரியாது. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

ஒரு வெள்ளி கிளினிக்

இரத்த அழுத்த மாத்திரை எனக்கு அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில்தான். 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டணம், காலை ஏழரைக்கே எண் எடுத்து உட்கார வேண்டும். 2023 ஜூலையில் ஒரு நாள். இளம் மலாய் டாக்டர், பயிற்சி முடித்து வந்து ஒரு வருஷம் இருக்கும். அழுத்தம் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டு அச்சாக வேண்டி இரண்டு பேரும் சும்மா இருந்தோம். நான் வழக்கம்போல் வலது கையை உதறிக்கொண்டிருந்தேன். அவர் அச்சு எந்திரத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தார். "ஏன் காக், கையை ஆட்டுறீங்க?" காக் என்றால் மலாயில் அக்கா.

"கெபாஸ்" என்றேன். மரத்துப் போகுது. ஒன்பது மாதத்தில் ஒரு டாக்டரிடம் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கே நான் கைக்காக வரவில்லை, எழுதிக்கொள்ள யாரும் பேனாவோடு உட்கார்ந்திருக்கவில்லை, அதனால் வாயில் உண்மை வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

"ஜாரி மானா?" எந்த விரல்?

"எல்லாமும்தான்."

"சுண்டு விரலுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என் கை, என் விரல், முந்நூறு ராத்திரி அதோடு விழித்திருக்கிறேன், சுண்டு விரல் மரக்கிறதா என்று கேட்டால் விழிக்கிறேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு போட்டோஸ்டாட் தாளை எடுத்தார். இரண்டு கைகளின் வெளிக்கோடு, உள்ளங்கைப் பக்கமும் புறங்கைப் பக்கமும். ராத்திரி விழிப்பு வந்தால் உதறுவதற்கு முன்னால் மரத்த இடத்தை இதில் பேனாவால் தீட்டுங்கள், ஒரு வாரம் கழித்து வாருங்கள், வரிசையில் நிற்க வேண்டாம், மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) சொல்லி வைக்கிறேன் என்றார்.

முதல் இரண்டு ராத்திரியும் தூக்கத்தில் உதறிவிட்டேன், அப்புறம்தான் தாள் ஞாபகம் வந்தது. மூன்றாவது ராத்திரி உதறாமல் எழுந்தேன். உதறாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இந்த நோய் வந்தவர்களுக்குத்தான் தெரியும். மரக்கட்டை போல் கையைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய் விளக்கைப் போட்டேன். மேசையில் கையை மல்லாத்தி வைத்து, இடது கை நகத்தால் ஒவ்வொரு விரலாகக் கீறிப் பார்த்தேன். கட்டை விரல், கம்பளிக்கு மேலே கீறுகிற மாதிரி. ஆள்காட்டி, அப்படியே. நடுவிரல், அதுதான் மோசம். சுண்டு விரல் சுருக்கென்றது. நன்றாக உயிரோடு இருந்தது! இத்தனை நாள் அது மற்ற நாலோடு சேர்ந்து செத்ததாகவே நினைத்திருந்தேன். மிச்சம் மோதிர விரல். அதைக் கீறியபோது ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு தடவை தெரிந்தது, ஒரு தடவை தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு திரும்பக் கீறினேன். நடுவிரலைப் பார்த்த ஓரம் கம்பளி. சுண்டு விரலைப் பார்த்த ஓரம் சுருக். ஒரே விரல், நடுவில் யாரோ வரப்புப் போட்ட மாதிரி. இந்தப் பக்கம் ஒருத்தன் நிலம், அந்தப் பக்கம் வேறொருத்தன் நிலம். மூன்றேகால் மணிக்கு மோதிர விரலில் பாதியை மட்டும் நீலப் பேனாவால் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த மகன் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டான்.

அடுத்த வாரம் டாக்டர் தாளைப் பார்த்ததும் சிரித்தார். பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மோதிர விரலின் இரண்டு ஓரமும் மாற்றி மாற்றித் தொட்டார். தாளில் தீட்டியிருந்த அதே வரப்பு. கழுத்து நரம்பில் கோளாறு என்றால் பெரும்பாலும் இப்படி ஒரு விரலை நெடுக்காகப் பிளக்காது என்றார். அப்புறம் இரண்டு புறங்கைகளையும் ஒட்டி விரல்கள் தரையைப் பார்க்க வைக்கச் சொன்னார், வணக்கத்தைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. ஒரு நிமிஷம் அப்படி வைத்திருக்க வேண்டுமாம். இருபது எண்ணுவதற்குள் எறும்பு கிளம்பிவிட்டது. இந்தச் சோதனைக்கு ஃபேலன் என்ற அமெரிக்கக் கை அறுவை மருத்துவரின் பெயர். செலவு ஒரு நிமிஷம். என் கழுத்து எம்.ஆர்.ஐ.யின் பில் இன்னும் பீரோவில் இருக்கிறது.

கடைசியாகக் கட்டை விரலுக்குக் கீழே இருக்கிற சதை மேட்டை அமுக்கிப் பார்த்து, இடது கையோடு ஒப்பிட்டார். சிரிப்பு போய்விட்டது. கைரேகைக்காரர்கள் சுக்கிர மேடு என்பார்களே, அதுதான். என் வலது சுக்கிர மேடு வற்றத் தொடங்கியிருந்தது. நரம்பு நீண்ட நாள் நசுங்கினால் அது ஓட்டுகிற தசையும் இளைக்கும், ரொம்ப இளைத்துவிட்டால் பிறகு விடுவித்தாலும் முழுசாகத் திரும்பி வராது. அந்த ஒன்பது மாதத்தின் விலை பில்லில் மட்டும் இல்லை என்று புரிந்தது அப்போதுதான்.

இந்த நோய்க்கு வாசல் நிறைய

மணிக்கட்டில் எலும்புகளும் அவற்றுக்கு மேலே ஒரு கெட்டியான பட்டையும் சேர்ந்து ஒரு சின்னக் குகை. அதற்குள் விரலை மடக்குகிற ஒன்பது நாண்கள், அவற்றோடு ஒரே ஒரு நரம்பு. நாண்களின் உறை கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். பேர் கார்ப்பல் டனல். சர்க்கரை, தைராய்டு, முடக்கு வாதம், பிள்ளைத்தாய்ச்சி உடம்பில் நீர் கோர்ப்பது, அழுத்திப் பிடித்துச் செய்கிற வேலை என்று காரணம் பல. அதனால்தான் வாசலும் பல. நரம்பு என்பதால் நியூரோ பிசிஷியன், மூட்டுப் பக்கம் என்பதால் ஓர்த்தோ, வாதம் இருந்தால் ருமட்டாலஜி, மறுவாழ்வு மருத்துவர், கை அறுவை செய்கிற பிளாஸ்டிக் சர்ஜன். யாரிடம் போனாலும் தப்பில்லை, அவர் கையைத் தொடுகிறவராக இருந்தால். கத்தி வைக்கும் கட்டம் வந்தால் மட்டும் ஓர்த்தோவுக்குள்ளேயே கை, நுண் அறுவை என்று தனிப் பயிற்சி எடுத்தவரைத் தேடலாம். இங்கே 2017 ஜூலை முதல் நிபுணர் என்று சொல்லிக்கொள்ள மலேசிய மருத்துவ மன்றத்தில் அப்படிப் பதிந்திருக்க வேண்டும் என்பது சட்டம், தேசிய நிபுணர் பதிவேட்டில் யாரும் பெயரைத் தட்டித் துறையைப் பார்க்கலாம். நான் பார்த்தேனா? இல்லை. கறிவேப்பிலை வாங்கினால் இலையைப் புரட்டிப் பார்க்கிறவள்தான் நான்.

அந்தச் சின்ன டாக்டர் அரசாங்க மருத்துவமனைக்கு எழுதிய கடிதத்தில் "கை வலி" என்ற சொல்லே இல்லை. கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, இரவில் விழிப்பு, உதறினால் குறைகிறது, சதை மேடு இளைத்திருக்கிறது. முக்கால் பக்கம். அங்கே ஓர்த்தோ கவுண்டரில் இருந்த மிஸ்ஸி அதைப் படித்துவிட்டு யாரையும் கேட்காமல் கைப் பிரிவுக் கோப்பில் சொருகினார்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் நேர் பாதை, கொஞ்சம் நீளமான பாதை. ராத்திரியில் கட்டிக்கொள்ள மணிக்கட்டுப் பட்டை வாங்கியிருந்தேன். தொழில்வழி சிகிச்சையாளர் அதைப் பார்த்ததும், உள்ளே இருந்த அலுமினியத் தகட்டை உருவி, மேசை விளிம்பில் வைத்து அமுக்கி நேராக்கித் திரும்பச் சொருகினார். கடையில் விற்பது கையை மேல்நோக்கி வளைத்து வைக்குமாம், குகைக்கு இடம் அதிகம் இருப்பது மணிக்கட்டு நேராக இருக்கும்போதுதான். இடது கைக்கு அந்தத் தகடும் ஓர் ஊசியுமே போதுமாக இருந்தது. நரம்புச் சோதனையின்போது குளிர்சாதன அறையில் என் கை சில்லென்று இருக்கிறது என்று கால் மணி நேரம் வெந்நீர்ப் பையைப் பிடிக்க வைத்தார்கள். கை குளிர்ந்திருந்தால் நல்ல நரம்பும் மெதுவாகத்தான் ஓடும், நோய் என்று தப்பாகக் காட்டிவிடும். வெதுவெதுப்பாக்கியும் வலது கையில் நரம்பின் சேதி போய்ச் சேர 6.1 மில்லி செகண்ட் ஆனது. நாலரைக்கு மேல் போகக் கூடாதாம்.

2024 ஜனவரியில் வெட்டினார்கள். உள்ளங்கையில் மட்டும் மரப்பு ஊசி, நான் விழித்தபடியே. மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம் இரண்டு மிஸ்ஸிகள் நாசி கண்டார் சோறு எங்கே நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடிவுக்கு வருவதற்குள் தையல் போட்டாகிவிட்டது. அன்று ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரவில்லை. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் தையல் பிரித்தார்கள். இரதம் வரும்போது வருஷா வருஷம் என் கையால் உடைக்கிற தேங்காய்களை அந்த வருஷம் மகன் உடைத்தான், நான் பக்கத்தில் நின்று எண்ணிக்கொடுத்தேன். நடுவிரல் நுனியில் இன்னமும் கொஞ்சம் கம்பளி இருக்கிறது. முறுக்கு அச்சு மட்டும் மாறிவிட்டது, இப்போது கைப்பிடியைச் சுற்றிப் பிழிகிற எவர்சில்வர் அச்சு. அம்மாவின் அச்சு சாமி மேடைக்குக் கீழே இருக்கிறது.

மூன்றாம் நாள் செந்தூலுக்குப் போன் போட்டேன்.

"என்னக்கா, பேரு கேட்டா மூணு நாளா?"

"பேரு இருக்கட்டும். ஒனக்கு என்ன பண்ணுது?"

"அதேதான்க்கா. கை வலி."

"மரத்துப் போகுதா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "போகுது. அது எப்பவுமே போகும்."

"எந்த விரல்?"

"எல்லாம்தான். இருங்க... சுண்டு விரல்தான் ரொம்ப. அப்புறம் அதுக்குப் பக்கத்து விரல், அந்தப் பக்கம் மட்டும்."

நான் கையை நீட்டி என் மோதிர விரலைப் பார்த்துக்கொண்டேன். வரப்புக்கு அந்தப் பக்கத்து நிலம். அது வேறு நரம்பு. மணிக்கட்டில் அந்தக் குகைக்குள் அது போவதே இல்லை. முழங்கையின் உள்பக்கம், இடித்துக்கொண்டால் சுரீரென்று ஷாக் அடிக்கிற அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வருவது.

"போனை எப்படிப் பிடிச்சிருக்கே இப்ப?"

"மேசையில முழங்கைய ஊனிக்கிட்டு. ஏன்?"

"முதல்ல கையை எடு. ஒரு தாள் எடுத்துக்க, ரெண்டு கையையும் வச்சுச் சுத்திக் கோடு போடு."

"இருங்கக்கா," என்றாள், "பேனா தேடறேன்."